நெற்றியில் போடும் ஊசி தோலுக்கு இல்லை, தசைக்கு

கண்ணாடி முன்னால் நின்று புருவத்தை மேலே தூக்கிப் பாருங்கள். விபூதிப் பட்டை இழுத்த மாதிரி நெற்றியில் குறுக்கே மூன்றோ நான்கோ கோடு விழும். இப்போது யாரையாவது முறைப்பது போலப் புருவம் இரண்டையும் உள்ளே இழுத்துப் பாருங்கள். பொட்டு வைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கோடு விழும், சிலருக்கு அது 11 என்ற எண் மாதிரியே இருக்கும். நெற்றி ஒன்றுதான், ஆனால் இந்த இரண்டு வகைக் கோடுகளையும் உண்டாக்குகிற தசைகள் எதிரெதிர் வேலை செய்கிறவை. ஒன்று புருவத்தைத் தூக்கும், மற்றது இறக்கும். நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசியைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். அந்த ஊசி நல்லபடியாக அமைவதும் சொதப்பிப் போவதும் பெரும்பாலும் இந்த இழுபறியில்தான் இருக்கிறது.

என் அக்காவுக்கு நடந்த பிறகுதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு 52 வயது. மகளுக்கு நிச்சயதார்த்தம், போட்டோவில் நெற்றிக்கோடு தெரியக்கூடாது என்று ஆசைப்பட்டாள், அதில் எந்தத் தப்பும் இல்லை. விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் ஓர் இடத்துக்குப் போனாள், நெற்றிக்கு மட்டும் ஊசி போட்டார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் கோடுகள் மங்கின, எல்லாருக்கும் சந்தோஷம். பத்தாம் நாள் வாக்கில் புருவம் இரண்டும் கீழே இறங்கி, இமைக்கு மேல் இருந்த தோல் மடிந்து கண்மேல் உட்கார்ந்துவிட்டது. "நெத்தியில யாரோ கையை வச்சு அழுத்துற மாதிரியே இருக்குடா, சாயங்காலம் ஆனா கண்ணைத் திறந்து வைக்கவே கஷ்டமா இருக்கு" என்றாள். போட்ட இடத்தில் கேட்டால் "சரியாகிவிடும்" என்ற ஒரு வார்த்தைதான் பதில். ஏன் இப்படி ஆனது, எப்போது சரியாகும், இதை முன்கூட்டியே கணித்திருக்க முடியுமா என்று யாரும் சொல்லவில்லை. முடியும் என்பதுதான் எனக்குக் கோபம்.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். நெற்றி முழுக்கப் பரவியிருக்கிற தசைக்கு ஃப்ரான்டாலிஸ் என்று பெயர். இது கொஞ்சம் விசேஷமான தசை, எந்த எலும்போடும் ஒட்டியிருக்காது. மேலே உச்சந்தலைப் பக்கத்துச் சவ்வோடும், கீழே புருவத்தின் தோலோடும்தான் இணைந்திருக்கும். இதன் நார்கள் மேலிருந்து கீழாக ஓடுவதால் அது சுருங்கும்போது தோல் குறுக்குவாட்டில் மடிகிறது, சேலைக் கொசுவத்தைக் கீழிருந்து தூக்கினால் துணி குறுக்கே மடிவதைப் போல. புருவத்தை மேலே தூக்குவதற்கு முகத்தில் இருக்கிற ஒரே தசை இதுதான். இறக்குவதற்கோ பல தசைகள் இருக்கின்றன: புருவத்தை உள்ளே இழுக்கிற காருகேட்டர், மூக்கின் மேல்முனையில், கிட்டத்தட்ட பொட்டுக்குக் கீழே இருக்கிற புரோசீரஸ், கண்ணைச் சுற்றி வளையமாக ஓடுகிற ஆர்பிகுலாரிஸ். அதாவது தூக்க ஒருவர், இழுக்கப் பலர். அந்த ஒருவரின் கையை மட்டும் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் புரியும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு மேல் இமைத் தோல் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அது பார்வையை மறைக்காமல் இருக்க, அவர்களே அறியாமல் நாள் முழுக்க நெற்றித் தசையைக் கொஞ்சம் இறுக்கிப் புருவத்தைத் தூக்கியே வைத்திருப்பார்கள். நெற்றிக்கோடு அவர்களுக்கு ஆழமாக இருப்பதற்கே ஒரு காரணம் அதுதான், அந்தத் தசைக்கு ஓய்வே கிடையாது. அப்படிப்பட்டவர்களின் நெற்றியைத் தளர வைத்தால் கோடு போகும், கூடவே புருவமும் இறங்கிவிடும். அக்காவின் பழைய போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன், ஐந்து வருடமாகவே அவள் எல்லாப் படத்திலும் லேசாகப் புருவத்தைத் தூக்கியபடிதான் இருக்கிறாள். கண்ணை மூடச் சொல்லி, நெற்றியைத் தளர்த்தச் சொல்லி, பிறகு மெதுவாகத் திறக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கண் திறக்கும்போதே புருவம் சேர்ந்து எழும்பினால், அந்த நெற்றி வெறுமனே பாவனைக்காகச் சுருங்கவில்லை, இமையைத் தாங்கவும் உழைக்கிறது என்று அர்த்தம்.

இனி ஊசிக்குள் இருப்பது என்ன என்று பார்க்கலாம். போடாக்ஸ் என்பது ஒரு கம்பெனியின் பிராண்டுப் பெயர், ஜெராக்ஸ் போல அது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. டிஸ்போர்ட், ஜியோமின் என்று வேறு பிராண்டுகளும் உண்டு. மருந்தின் பெயர் பாட்டுலினம் டாக்சின், ஏ வகை. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா சுரக்கிற நச்சு. மனிதன் அறிந்த நச்சுகளிலேயே மிக வீரியமானவற்றில் ஒன்று, இதைச் சொல்லாமல் மழுப்புவது சரியில்லை.

இந்த நச்சின் கதை ஜெர்மனியில், தொத்திறைச்சியில் ஆரம்பிக்கிறது. வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன தொத்திறைச்சியைச் சாப்பிட்டவர்கள் கண் மங்கி, விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சு நின்று இறந்துகொண்டிருந்தார்கள். அங்கே மருத்துவராகவும் கவிஞராகவும் இருந்த யுஸ்டினஸ் கெர்னர் அந்த நோயாளிகளைப் பற்றி நுணுக்கமாகக் குறித்துவைத்து 1820களின் தொடக்கத்தில் வெளியிட்டார். தன்மேலேயே சிறிய அளவில் சோதித்தும் பார்த்தார். அவர் எழுதியதில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்றுதான்: இந்த விஷம் நரம்பின் செயலைத் தடுக்கிறது, அதனால் நரம்பு அளவுக்கு மீறித் துடிக்கிற நோய்களுக்கு மிகச் சிறிய அளவில் இதையே மருந்தாகக் கொடுக்கலாம் என்று அப்போதே யோசித்திருக்கிறார். அது உண்மையாக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1895இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பன்றித்தொடை இறைச்சி சாப்பிட்டு விழுந்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமீல் வான் எர்மெங்கெம் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பாட்டுலஸ் என்றால் லத்தீனில் தொத்திறைச்சி, பெயர் அங்கிருந்து வந்தது.

இந்த நச்சை மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். அவருடைய நோக்கத்தில் அழகு என்ற பேச்சே இல்லை. மாறுகண்ணை அறுவை சிகிச்சை இல்லாமல் சரிசெய்ய வேண்டும், அதற்குக் கண்ணை ஒரு பக்கமாக இழுக்கிற தசையைக் கொஞ்ச காலம் தளர வைக்க வேண்டும், அவ்வளவுதான். குரங்குகளில் சோதித்து 1973இல் வெளியிட்டார், 1970களின் பிற்பகுதியில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1989 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. மாறுகண்ணுக்கும், கண் இமை அடக்க முடியாமல் துடித்து மூடிக்கொள்கிற நோய்க்கும் இதை அனுமதித்தது. அப்போது மருந்தின் பெயர் ஆக்குலினம். அலர்கான் கம்பெனி வாங்கிய பிறகுதான் போடாக்ஸ் ஆனது.

நெற்றிக்கு இது வந்து சேர்ந்தது கனடாவின் வான்கூவரில். ஜீன் கருத்தர்ஸ் கண் மருத்துவர், அவர் கணவர் அலஸ்டேர் கருத்தர்ஸ் தோல் மருத்துவர். 1987 வாக்கில் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, புருவ நடுவில் போடவில்லையே என்று ஜீனிடம் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே துடிப்பு இல்லையே என்று ஜீன் சொல்ல, அங்கே போட்டால் என் முகம் கவலையில்லாமல் தெளிவாகத் தெரிகிறதே என்றாராம். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் இதைச் சொல்ல, முறைப்புக் கோட்டுக்கு வழி தேடிக்கொண்டிருந்த அவருக்குப் பொறி தட்டியது. இருவரும் சேர்ந்து 1992இல் 18 பேருக்குப் போட்டுப் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 2002 ஏப்ரலில், புருவ நடுக்கோட்டுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. கண் ஓரக் கோட்டுக்கு 2013இல். நெற்றியின் குறுக்குக் கோட்டுக்கு எப்போது என்று நினைக்கிறீர்கள்? 2017இல். இடைப்பட்ட 15 ஆண்டும் அனுபவமுள்ள மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில் நெற்றிக்கும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் இந்த மூன்றில் முறையான அனுமதி கடைசியாக வந்தது நெற்றிக்கோட்டுக்குத்தான். அதிலும் அந்த அனுமதியில் இருக்கிற அளவு முறையைப் பாருங்கள்: நெற்றிக் கோட்டுக்கு 20 யூனிட்டை ஐந்து இடத்தில் பிரித்துப் போடு, கூடவே புருவ நடுவிலும் 20 யூனிட் போடு. சேர்த்துத்தான் போட வேண்டும் என்கிறது. காரணம் மேலே சொன்ன இழுபறிதான். தூக்குகிற தசையைத் தளர்த்தும்போது இறக்குகிற தசைகளையும் கொஞ்சம் தளர்த்தினால்தான் புருவம் இருந்த இடத்தில் நிற்கும். அக்காவுக்கு நெற்றியில் மட்டும் போட்டார்கள் என்று சொன்னேனே, பிசகியது அங்கேதான். சில முகங்களுக்கு மருத்துவர் யோசித்து இதை மாற்றிப் போடலாம், யோசிக்காமல் விட்டதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன்.

மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது? தசை சுருங்க வேண்டுமென்றால் நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளிவர வேண்டும். நரம்பு நுனிக்குள் அது சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும், பைகள் நரம்பின் சுவரோடு இணைந்து திறந்தால்தான் ரசாயனம் தசையைச் சேரும். அப்படி இணைவதற்குக் கொக்கி மாதிரி உதவுகிற புரதங்களில் ஒன்று ஸ்நாப்-25. பாட்டுலினம் ஏ வகை நச்சின் ஒரு பகுதி நரம்பு நுனியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய வழி செய்கிறது, மற்றொரு பகுதி உள்ளே போய் அந்தக் கொக்கியைக் கத்தரித்துவிடுகிறது. பை இருக்கிறது, ரசாயனமும் இருக்கிறது, திறக்க வழியில்லை. தசைக்குக் கட்டளை வந்து சேராததால் அது சும்மா இருக்கிறது, மேலே இருக்கிற தோலும் மடியாமல் இருக்கிறது. தசை செத்துப் போவதில்லை, நரம்பும் அறுபடுவதில்லை. நாளாக ஆக நரம்பு நுனி பக்கவாட்டில் புதிய கிளைகளை விட்டு வேலையைத் தொடங்கும், அப்புறம் பழைய நுனியே மீண்டுவிடும், அந்தத் தற்காலிகக் கிளைகள் மறைந்துவிடும். இதனால்தான் ஊசி போட்ட அன்றே எதுவும் தெரியாது, இரண்டு மூன்று நாளில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழு விளைவு தெரியும், மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும்.

இது புரிந்துவிட்டால் விளம்பரத்தில் வருகிற பாதி வாக்குறுதிகளை நீங்களே எடைபோடலாம். தோலை இளமையாக்கும், பளபளப்பாக்கும் என்றால், தசையைத் தளர வைக்கிற மருந்துக்கு அந்த வேலை இல்லை. கரும்புள்ளி போகாது, வெயிலில் காய்ந்து சொரசொரப்பான தோல் வழுவழுப்பாகாது. முகத்தை அசைக்கும்போது மட்டும் விழுகிற கோடு நன்றாகக் குறையும். முகம் சும்மா இருக்கும்போதும் பள்ளமாகத் தெரிகிற கோடு கொஞ்சம்தான் ஆழம் குறையும், அது துணியில் இஸ்திரி போட்டுப் பதிந்துபோன மடிப்பு மாதிரி. இதைத் தடவுகிற கிரீமாகத் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள், இந்த நச்சு மிகப் பெரிய புரத மூலக்கூறு, முழுத் தோலைத் தாண்டி உள்ளே இறங்காது. பார்லர்களில் "ஹேர் போடாக்ஸ்" என்று ஒன்று விற்கிறார்களே, அதில் பாட்டுலினம் எதுவுமே கிடையாது. முடிக்குத் தசை அசைவு இல்லை, அதற்கு இந்த மருந்தும் தேவையில்லை, பெயரை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

ஃபில்லர் என்பது வேறு. அது தசையைத் தொடாது, ஹயலுரானிக் அமிலம் போன்ற ஜெல்லைத் தோலுக்கு அடியில் நிரப்பிப் பள்ளத்தை மேடாக்குவது. இரண்டையும் ஒரே மூச்சில் "ஊசி" என்று சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது. புருவ நடுவிலும் நெற்றியிலும் ஃபில்லர் போடுவது ஆபத்தான வேலை, ஏனென்றால் அங்கே ஓடுகிற சிறிய ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகிற குழாயோடு தொடர்புள்ளவை. ஜெல் தவறிக் குழாய்க்குள் போனால் பின்னோக்கித் தள்ளப்பட்டுப் பார்வையே போகலாம், அப்படிப் போனவர்களின் விவரம் மருத்துவ இதழ்களில் ஏராளமாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே "நெற்றிக்கு ஊசி" என்று யாராவது சொன்னால் எந்த ஊசி என்று முதலில் கேளுங்கள்.

யூனிட் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பணமும் பாதுகாப்பும் இதில்தான் இருக்கின்றன. இந்த மருந்தை மில்லிகிராமில் அளப்பதில்லை. ஒரு யூனிட் என்பது சோதனையில் எலிகளில் பாதியைக் கொல்கிற அளவு என்று வரையறுத்திருக்கிறார்கள். 100 யூனிட் போடாக்ஸ் குப்பியில் இருக்கிற நச்சுப் புரதக் கூட்டின் எடை சுமார் 5 நானோகிராம், ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு. குப்பியின் அடியில் கண்ணுக்குத் தெரிவது அதோடு சேர்த்த ஆல்புமினும் உப்பும்தான். அதை உப்புக் கரைசலில் கலந்துதான் ஊசியில் ஏற்றுவார்கள். கம்பெனி சொல்கிற முறையில் 100 யூனிட்டுக்கு 2.5 மில்லி கலந்தால் 0.1 மில்லிக்கு 4 யூனிட் வரும். இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் ஊசியில் திரவம் அதே அளவு தெரியும், மருந்து குறைந்திருக்கும், திரவம் பரவுகிற பரப்பும் கூடும். "இத்தனை இடத்தில் போட்டோம்", "ஒரு சிரிஞ்சு போட்டோம்" என்பதெல்லாம் அளவே இல்லை, எத்தனை யூனிட் என்பதுதான் அளவு. ஒரு பிராண்டின் யூனிட் இன்னொன்றின் யூனிட்டுக்குச் சமமும் இல்லை. புருவ நடுவுக்குப் போடாக்ஸில் 20 யூனிட் என்றால் டிஸ்போர்டில் 50 யூனிட். எண்ணைப் பார்த்து இது அதிகம் அது குறைவு என்று விலை பேச முடியாது, எண்ணும் பிராண்டும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் இவ்வளவு கொடிய நச்சை எப்படி நம்பிப் போடுகிறார்கள்? அளவினால்தான். நெற்றிக்குப் போடுகிற 20, 40 யூனிட்டுக்கும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கும் நடுவே மிகப் பெரிய இடைவெளி இருக்கிறது. இதே மருந்தை நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு 155 யூனிட் போடுகிறார்கள். கழுத்து இறுகித் திரும்பிக்கொள்கிற நோய்க்கும், அளவுக்கு மீறிய அக்குள் வியர்வைக்கும், பக்கவாதத்துக்குப் பின் கை கால் விறைப்புக்கும் இது நிஜமான நிவாரணம். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் குப்பி அசலாக இருந்து, அளவு சரியாக இருந்தால்தான். 2004இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஆராய்ச்சிக்கூடத்துக்கென்று விற்கப்பட்ட, மனிதருக்குப் போடக்கூடாத நச்சை விலை மலிவு என்று வாங்கிப் போட்டதில் நான்கு பேர் உடல் முழுக்கச் செயலிழந்து செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். 2023இல் துருக்கியில் எடை குறைக்க இரைப்பையில் இந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பலர் பாட்டுலிசம், அதாவது இந்த நச்சு உடலில் பரவி வருகிற நோய், வந்து படுத்தார்கள், ஜெர்மனியிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. 2024இல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பெண்களுக்கு, போலி மருந்தாலோ பயிற்சியில்லாதவர்கள் வீட்டிலும் ஸ்பாவிலும் போட்டதாலோ கோளாறு வந்தது, பாதிப் பேர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. ஊசி போட்ட பிறகு விழுங்கக் கஷ்டம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, மூச்சு வாங்குதல், கழுத்து நிற்காமை இதில் எது வந்தாலும் போட்டவரிடம் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து போட்ட இடத்தைத் தாண்டிப் பரவக்கூடும் என்ற எச்சரிக்கையை 2009இலிருந்து அமெரிக்காவில் கட்டம் கட்டிப் போட வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நச்சுமுறிவு மருந்து உண்டு, ஆனால் அது ரத்தத்தில் இன்னும் சுற்றுகிற நச்சைத்தான் பிடிக்கும், நரம்புக்குள் ஏற்கெனவே போய்விட்டதை வெளியே இழுக்காது.

அளவு சரியாக இருந்தாலும் வரக்கூடிய தொல்லைகள் பெரும்பாலும் சின்னவைதான். ஊசி ஏறிய இடத்தில் ரத்தக்கட்டு, ஓரிரு நாள் தலைவலி. புருவ நடுவில் போட்டது கீழே கசிந்து மேல் இமையைத் தூக்குகிற தசையை எட்டினால் ஒரு கண் பாதி மூடிக்கொள்ளும், இது புருவம் இறங்குவதிலிருந்து வேறு. இதற்கு அப்ராகுளோனிடின் சொட்டு மருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இமையைத் தூக்கிக் கொடுக்கும், காரணம் இமையில் இந்த நச்சு தொடாத இன்னொரு சிறிய தசை இருக்கிறது, சொட்டு மருந்து அதைத் தூண்டுகிறது. புருவம் இறங்கியதற்கு அந்தச் சொட்டு மருந்து பெரிதாகப் பயன்படாது, காத்திருக்கத்தான் வேண்டும். நெற்றியின் நடுவில் மட்டும் போட்டு ஓரத்தை விட்டுவிட்டால் புருவத்தின் வெளிமுனை மட்டும் கொம்பு மாதிரி தூக்கிக்கொள்ளும், இரண்டு வாரம் கழித்து ஓரத்தில் ஒன்றிரண்டு யூனிட் போட்டால் சரியாகிவிடும். அதனால்தான் நல்ல மருத்துவர் முதலில் குறைவாகப் போட்டு, இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்வார். சேர்ப்பது சுலபம், போட்டதை எடுக்க வழியே இல்லை.

யாருக்குப் போடக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போல நரம்பும் தசையும் சேருமிடத்தில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், ஊசி போடும் இடத்தில் கிருமித் தொற்று உள்ளவர்கள் தள்ளி நிற்க வேண்டும். ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டும், அவையும் நரம்பிலிருந்து தசைக்குப் போகிற கட்டளையைக் குறைப்பவை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. இங்கிலாந்தில் 18 வயது நிரம்பாதவருக்கு அழகுக்காக இதைப் போடுவது 2021 அக்டோபரிலிருந்து சட்டப்படி குற்றம். கல்லூரிப் பிள்ளைகள் கோடே விழாத நெற்றியைக் காட்டி "வராமல் தடுக்க" என்று கேட்கிற இந்தக் காலத்தில் இங்கேயும் அப்படி ஒரு தெளிவான கோடு இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

தடுக்குமா என்றால், தொடர்ந்து போடும்வரை கோடு ஆழமாகப் பதிவது குறையும் என்பதற்கு அடையாளம் உண்டு. 2006இல் ஒரே உருவ இரட்டையர் இருவரைப் பற்றிய குறிப்பு ஒன்று மருத்துவ இதழில் வந்தது, ஒருவர் 13 வருடம் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போட்டவர், மற்றவர் மொத்தமே இரண்டு முறைதான். சும்மா இருக்கும்போது தெரிகிற கோடு முதலாமவருக்கு இல்லை, இரண்டாமவருக்கு இருந்தது. ஆனால் அது இரண்டே பேர், அதுவும் 13 வருடச் செலவு. தினமும் வெயிலுக்கு முன்னால் சன்ஸ்கிரீன் பூசுவதும், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இரவில் ட்ரெடினாயின் என்ற வைட்டமின் ஏ வகைக் கிரீம் தடவுவதும் தோலுக்குச் செய்கிற நன்மையை இந்த ஊசி செய்யாது.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. நம் ஆட்கள் பேசும்போது பாதியைப் புருவத்தால்தான் பேசுகிறோம். "அப்படியா?" என்று வாயால் சொல்லாமல் புருவத்தைத் தூக்கியே சொல்லிவிடுவோம், பிள்ளையை அதட்டவும் ஒரு புருவச் சுளிப்பு போதும். பரதநாட்டியத்தில் புருவ அசைவுகளுக்கே தனித்தனிப் பெயர் உண்டு. அபிநயம் செய்பவர், மேடையில் நிற்பவர், காது கேளாதவரோடு சைகையில் பேசுபவர் இவர்களுக்கெல்லாம் நெற்றி ஒரு வேலைக் கருவி. சைகை மொழியில் புருவம் தூக்குவது கேள்வியையே மாற்றிவிடும். ஊசி போடுபவர் "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்கவில்லையென்றால், உங்களுக்கு எவ்வளவு போடலாம் என்று அவர் யோசிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். கோடு அடியோடு போக வேண்டும் என்பவருக்கு ஒரு அளவு, கோடு குறைந்தால் போதும் முகம் பேச வேண்டும் என்பவருக்கு வேறு அளவு. இதை நாமே வாய் திறந்து கேட்கலாம்.

போகிறவர்கள் வாய் திறந்து கேட்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போடுபவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். குப்பியைக் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள், பெயரையும் லாட் எண்ணையும் காலாவதித் தேதியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார்களா என்று பாருங்கள், போடாக்ஸும் டிஸ்போர்டும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. எந்தப் புள்ளியில் எத்தனை யூனிட் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முகம் சும்மா இருக்கும்போதும் புருவம் தூக்கும்போதும் போட்டோ எடுக்காமல் யாராவது ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். விசேஷத்துக்காகப் போடுவதென்றால் மூன்று வாரம் போதாது, அதுவும் முதல் தடவை என்றால் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே ஒருமுறை போட்டுப் பார்த்து, அது நம் முகத்தில் எப்படி உட்காருகிறது என்று தெரிந்த பிறகுதான் விசேஷத்துக்கு. போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஃபேஷியல் கூடாது.

அக்காவுக்கு நிச்சயதார்த்தப் போட்டோக்களில் கண் சின்னதாகத்தான் வந்திருக்கிறது. அவள் அந்த ஆல்பத்தை யாருக்கும் காட்டுவதில்லை. பிறகு பார்த்த தோல் மருத்துவர் அவளைக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லிவிட்டு, அம்மா உங்களுக்கு நெற்றி பிரச்சினையே இல்லை, இமைத் தோல்தான், கல்யாணம் முடிந்ததும் கண் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள், தேவைப்பட்டால் சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகும், அதன்பிறகு நெற்றிக்கோடு தானாகவே கொஞ்சம் குறையும் என்றார். பதினோராம் வாரம் ஒரு காலை எனக்குப் போன் வந்தது. பல் தேய்த்துவிட்டுக் கண்ணாடியில் புருவத்தைத் தூக்கிப் பார்த்தாளாம், இடது பக்கம் மெலிதாக இரண்டு கோடு விழுந்ததாம். கண்மேல் இருந்த பாரம் முந்தின நாளே பாதி குறைந்திருந்தது என்றாள், குரலிலேயே தெரிந்தது.